பாலத்தில் உட்கார்ந்தது யார்

கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று இத்தனை வருஷம் காத்திருந்தேன். ஆறுகிற வழியைக் காணோம். சரி, சூட்டோடு சூடாகவே எழுதிவிடுகிறேன்.

வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். மலாக்கா காஜா பேராங்கில், செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்பை ஒட்டி ஒரு பலகை வீட்டில் குடியிருந்தேன். செட்டிகள் கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாய். அவர்களோடு பழகி எனக்கும் மலாய் தண்ணீர் பட்ட பாடு. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டி கிடையாது, கரண்டியை நம்பிப் பிழைத்தேன். அதே தெருவில் ஒரு ரப்பர் தோட்ட முதலாளி வீட்டில் சமையல். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நாலு பேர் பார்க்காத இடத்தில் நல்ல மனுஷர். நாலு பேர் பார்த்தால்தான் அவருக்குப் புத்தி கெட்டுப்போகும்.

அவர் மகன் லண்டனில் வக்கீலுக்குப் படித்தான். மகனைப் பார்க்க முதலாளியும் அவர் சம்சாரமும் கப்பல் ஏறியபோது என்னையும் கூட்டிப் போனார்கள். அந்த அம்மாளை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். வேறு யார் கைச் சோறும் முதலாளிக்கு இறங்காது, அதனால்தான் எனக்கு அந்த யோகம். புளி, மிளகாய்த்தூள், எலுமிச்சை ஊறுகாய், ஒரு கட்டி பெலாச்சான் இறால் விழுது எல்லாம் என் டிரங்குப் பெட்டியில் கடல் தாண்டின.

லண்டனில் யாரோ அவரிடம் லக்சம்பர்க் என்று ஒரு நாடு இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். மலாக்காவை விடக் கொஞ்சம்தான் பெரிதாம். அதைக் கேட்டதும் மனுஷர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"லண்டன் போனவன் எல்லாம் லண்டன் தெருவைப் பார்த்துட்டுத்தான் வந்திருக்கான். ஒரு தேசத்தையே முழுசாப் பார்த்தவன் மலாக்காவுல எவன் இருக்கான்? ஒரு வாரம் போதும், முடிச்சிடலாம்!"

அன்றைக்கே எங்கள் ஊர்ச் சங்கத்துக்குக் கடிதம் போட்டுவிட்டார். ஒரு தேசத்தை மூலை முடுக்கு விடாமல் சுற்றி வந்து சொற்பொழிவு ஆற்றப் போகிறாராம். போவதற்கு முன்னாலேயே போய்வந்த மாதிரி எழுதியாகிவிட்டது. இனி பின்வாங்க முடியாது.

மகனை லண்டனில் விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் லக்சம்பர்க் தலைநகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை. மூடின மோட்டார் காரில் ஓட்டலுக்கு வந்தோம், அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். மறுநாள் காலை பளிச்சென்று வெயில். கிராமப்புறத்துக்குப் போக ரயில் ஏற வேண்டும், ரயிலடி ஊருக்கு அந்தப் பக்கம். நடந்தே போகலாம் என்றார். நடந்தோம். அப்போதுதான் அந்தப் பாலம் வந்தது.

நம் மலாக்கா ஆற்றுப் பாலத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஊரே மலைப்பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் பெரிய பள்ளத்தாக்கு, அதன் மேல் கல்லால் கட்டின பாலம். எட்டிப் பார்த்தால் மரத்தின் உச்சி காலுக்குக் கீழே. அடியில் ஒரு ஆள் கோஸ் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான், மேலேயிருந்து அவன் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. எனக்கு ஒரே குஷி. "அம்மா, இங்க பாருங்க" என்று திரும்பினால் முதலாளியைக் காணோம்.

நடுப்பாலத்தில் உட்கார்ந்துவிட்டார்! கோட்டு, தொப்பி, கைத்தடி சகிதம் தரையில். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தாயே, தாயே" என்கிறார். அம்மா தொட்டால் அலறுகிறார். வெள்ளைக்காரர்கள் நின்று பார்க்கிறார்கள். நான் என் சால்வையை எடுத்து அவர் கண்ணைக் கட்டினேன். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தேன். "ஐயா, இது பாலம் இல்ல. காஜா பேராங் ரோட்டுல நடக்கறோம். இதோ அம்மன் கோயில் தாண்டியாச்சு. இதோ சீனன் காப்பிக்கடை. நாய் படுத்திருக்கு, பாத்து வாங்க." மனுஷர் அந்த இல்லாத நாயைச் சுற்றிக்கொண்டுகூட நடந்தார். அப்படித்தான் ஓட்டலுக்குத் திரும்பினோம்.

அதற்கப்புறம் எட்டு நாள் அவர் அறையை விட்டு நகரவில்லை. ரயிலடிக்கு அந்தப் பாலம்தான் வழி, காரில்கூட வர மாட்டேன் என்றுவிட்டார். ஆனால் ஊருக்குக் கடிதம் போயிருக்கிறதே, சும்மா திரும்ப முடியுமா? என்னைக் கூப்பிட்டார்.

"நீ போய்ப் பாரு. ஒண்ணு விடாமப் பாரு. சாயங்காலம் வந்து எனக்குச் சொல்லு. ஊருக்குப் போனதும் நாலு பேர் முன்னால சொல்றேன், என் கண்ணுக்குப் பதிலாப் போனது நீதான்னு."

அம்மா பக்கத்தில் நின்று கேட்டார். சாட்சி உண்டு.

அடடா, அந்த எட்டு நாள்! ஓட்டல்காரி ஒரு காகிதத்தில் ஊர்ப் பெயர் எழுதித் தருவாள், நான் ரயில்காரனிடம் நீட்டுவேன், அவன் இறங்க வேண்டிய இடத்தில் தோளைத் தட்டுவான். புடவை மேல் அம்மாவின் கம்பளிக் கோட்டு. மடியில் புளிச்சோறு. என்னை யாரும் "ஏய்" என்று கூப்பிடாத எட்டு நாள் என் ஆயுசில் அதுதான்.

ஒரு காட்டில் பாறை பாறையாக நிற்கிறது, ஒவ்வொன்றும் மாடி வீட்டு உயரம். நடுவில் வெடித்த மாதிரி இடுக்கு. பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைய முடியும். உள்ளே வெயில் காலத்திலும் குளிர், பாறையெல்லாம் பாசி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அந்தப் பக்கம் வந்தால் சுள்ளென்று வெயில், காடு முழுக்க இளம்பச்சை. இன்னொரு நாள் கூரை இல்லாத ஒரு கோட்டை. மலை உச்சியில் நிற்கிறது, கீழே ஆறு, ஆற்றங்கரையில் கறுப்புக் கல் கூரை போட்ட வீடுகள். ஏறி இறங்கி என் கால் வீங்கிப்போனது. சரிவு முழுக்கத் திராட்சை போட்ட இடத்துக்கும் போனேன். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு குச்சி, நம் மிளகுக் கொடிக்கு நடுகிற மாதிரியே. வடக்கே மலையெல்லாம் மஞ்சள் பூ. அங்கே ஒரு குடியானவப் பெண்பிள்ளை ரொட்டியில் பாலாடைக் கட்டியைக் காய்ச்சித் தடவிக் கொடுத்தாள். நான் அதன் மேல் என் ஊறுகாயை வைத்துச் சாப்பிட்டேன். அவளுக்கும் கொஞ்சம் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், மறுபடியும் கையை நீட்டினாள். மடி நிறையச் செர்ரிப் பழம் கட்டி அனுப்பினாள்.

சாயங்காலம் திரும்பினால் முதலாளி நோட்டுப் புத்தகத்தோடு தயாராக இருப்பார். "எத்தனை படி? ஆறு எந்தப் பக்கம்? அந்த இடுக்குல நுழையறப்ப எப்படி இருந்துச்சு?" "ஈரத்துணியால முகத்தைத் தொடச்ச மாதிரி இருந்துச்சு ஐயா." எழுதிக்கொள்வார். நானும் முட்டாள் மாதிரி ஒன்று விடாமல் கொட்டினேன். ஒன்பதாம் நாள் கிளம்பும்போது காரின் தரையில் படுத்து, அதே சால்வையைத் தலை வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு பாலத்தைக் கடந்தார். நாட்டைச் சுற்றிப் பார்த்த லட்சணம் அது.

மலாக்கா திரும்பினதும் டவுனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சொற்பொழிவு. உட்கார இடமில்லை. நான் பின்னால் பெண்கள் பக்கத்தில், காப்பித் தட்டோடு. எப்போது என்னைப் பற்றிச் சொல்வார் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். புதுப் புடவை வேறு கட்டியிருந்தேன், வெட்கக்கேடு.

பாறை இடுக்கில் அவர் நுழைந்தார். கோட்டையில் அவர் ஏறினார். "ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாற்போல் இருந்தது" என்றார், மண்டபமே ஆகா என்றது. செர்ரிப் பழம்கூட அவர் மடியில் விழுந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் என் பேச்சும் வந்தது.

"எங்க சமையக்கார அம்மா இருக்கே, பாவம், அது தலைநகரத்தைத் தாண்டவே இல்லை. பாலத்து நடுவுல உக்காந்துடுச்சு! கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ‘தாயே, தாயே’ங்குது. நான்தான் சால்வையால கண்ணைக் கட்டி, நாய் படுத்திருக்கு பாத்து வான்னு சொல்லி, குழந்தையைக் கூட்டி வர மாதிரி கூட்டி வந்தேன்."

கூரை அதிரச் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் காப்பி கொடுத்துக்கொண்டு போனேன். கையில் இருந்த தட்டை அவர் மண்டையில் போட்டிருக்கலாம். போடவில்லை. இன்றைக்கும் வருத்தம்தான்.

அன்றிலிருந்து ஊரே என்னைப் பிடித்துக்கொண்டது. ஆற்றுப் பாலத்தில் கால் வைத்தால் போதும், கீழே தொங்கான் படகில் சரக்கு ஏற்றுகிற ஆட்கள், "அக்கா, கண்ணை மூடிக்கோ! நாய் படுத்திருக்கு!" என்று கத்துவார்கள். மாட்டு வண்டிக்காரன் வண்டியை நிறுத்திக் கையை நீட்டுவான். வந்து பிடித்துக்கோ என்கிறானாம். செட்டிக் கம்பத்துப் பெண்கள் மலாயில் கேட்டார்கள், நிஜமாகவே அழுதாயா என்று. முதலாளியிடமே கேட்டேன். "ஏன் ஐயா அப்படிச் சொன்னீங்க?"

"அட, சிரிக்கறதுக்கு ஒண்ணு வேணாமா? உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

என்ன குறைந்தது என்று பத்தே நாளில் தெரிந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் துரையின் வீட்டுக்காரத் துரைசாணி நீண்ட லீவில் பிள்ளைகளோடு சீமைக்குப் போக இருந்தாள். வெயில் காலம் முழுக்கப் பிள்ளைகளை மலை மலையாகக் கூட்டிப்போகிற பழக்கம் உள்ளவள். குளிருக்கும் நடைக்கும் அஞ்சாத ஆயா வேண்டும் என்று கேட்டிருந்தாள். நான் திரும்பி வந்த வாரமே போய்ப் பேசி, வரச்சொல்லியும் ஆகிவிட்டது. மறுபடி அந்த மாதிரி மலையை, காட்டைப் பார்க்கப் போகிறேன் என்று ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை எனக்கு. சொற்பொழிவுக்கு அப்புறம் துரைசாணி கூப்பிட்டு அனுப்பினாள். பாலத்தைக் கண்டால் உட்கார்ந்துவிடுகிற ஆளை நம்பி இரண்டு சின்னப் பிள்ளைகளை எப்படி ஒப்படைப்பது என்று மலாயில் கேட்டாள். உட்கார்ந்தது நான் இல்லை என்றேன். "உன் முதலாளியே சொன்னாராமே" என்றாள். கோபமாகக்கூட இல்லை, பரிதாபமாகச் சொன்னாள்.

ஓட்டமாக ஓடி வந்து முதலாளி காலில் விழாத குறையாகக் கேட்டேன். "ஐயா, ஒரு வரி எழுதிக் குடுங்க. அந்தத் துரைசாணிக்கு மட்டும். வேற யாருக்கும் தெரிய வேணாம்."

"மேடையில சொன்னதைப் பொய்யின்னு நானே எழுதித் தரவா? அது இங்கிலீஷ்காரங்க கிளப்பு வரைக்கும் போகும். நீ சமையலைப் பாரு."

கப்பல் போய்விட்டது. வேறு ஒரு ஆயா போனாள். அன்றைக்குச் சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு கறுவினேன். உன்னை ஒரு நாள், இதே ஊர் பார்க்க, இதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறேன் பார் என்று.

அம்மன் துணை இருந்தாள். எங்கள் தெருக் கோயிலுக்கு அந்த வருஷம் கும்பாபிஷேகம். சின்னக் கோயில்தான், ஆனால் புதுக் கோபுரம், சுற்றிலும் மூங்கில் சாரம் கட்டியிருந்தார்கள். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். ஊரார் சார்பாக ஒருவர் குடத்தைத் தலையில் சுமந்து, சாரம் ஏறி, உச்சியில் நிற்கிற குருக்கள் கையில் கொடுக்க வேண்டும். அவருக்கு முன்கூட்டியே காப்புக் கட்டுவார்கள். கட்டினதுக்கு அப்புறம் மாட்டேன் என்றால் ஊருக்கே ஆகாது என்று பயம்.

கோயில் தலைவர் ஒரு வயசான செட்டி. திருப்பணிக் கூட்டத்தில் முதலாளியைக் கூப்பிட்டு அந்த லக்சம்பர்க் கதையை மறுபடி சொல்லச் சொன்னார்கள். கோட்டை ஏறின கட்டம் முடிந்து எல்லாரும் கை தட்டும்போது, நான் தண்ணீர்ச் செம்போடு தலைவர் பக்கத்தில் போய், எல்லார் காதிலும் விழ மலாயில் சொன்னேன்: "அம்மாடி, அவ்வளவு பெரிய மலையெல்லாம் ஏறின மனுஷர்! குடம் எடுக்க இவரை விட்டால் வேறு ஆள் ஏது?"

தலைவருக்கு முகம் மலர்ந்தது. கூட்டம் முழுக்கச் சரி சரி என்றது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் செம்பை நீட்டினேன். "தண்ணி குடிங்க ஐயா."

மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வார்? காப்புக் கட்டியாகிவிட்டது. கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் அடுப்படிக்கு வந்தார். அந்த வீட்டில் அத்தனை வருஷத்தில் அவர் அடுப்படிக்குள் வந்து நான் பார்த்ததில்லை. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு, முகத்தில் ரத்தமே இல்லை.

"நீதான் மாட்டி விட்டே. நீயே ஏதாவது சொல்லித் தடுத்துடு. தலைவர் நீ சொன்னா கேப்பாரு."

"தடுக்கறேன் ஐயா. பாலத்துல உக்காந்தது நீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இப்பவே போய்த் தடுக்கறேன்."

"என் மானம் போயிடும்டீ!"

"எனக்கு அது இல்லையா ஐயா?"

காப்பைத் திருகிக்கொண்டே வெளியே போய்விட்டார். நான் ரசத்துக்குப் புளி கரைத்தேன். மனசு இளகவில்லை. இளகியிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர்கள் தொங்கான்காரன் சிரிப்பைக் கேட்டதில்லை.

மறுநாள் காலை தெரு கொள்ளாத கூட்டம். செட்டிப் பெண்கள் கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியுமாக ஒரு பக்கம், டவுன் தமிழர்கள் ஒரு பக்கம், வேடிக்கை பார்க்க ஆற்றங்கரை ஆட்கள்கூட வந்திருந்தார்கள். மேளம் கொட்ட, முதலாளி தலையில் குடத்தோடு ஏணியில் கால் வைத்தார். கோபுரத்தைப் பார்த்தபடியே ஏறினார், கீழே பார்க்கவில்லை. முதல் தட்டு வரைக்கும் போய்விட்டார், இரண்டு ஆள் உயரம் இருக்கும். எனக்குத் திக்கென்றது, ஏறிவிடுவாரோ என்று. அந்த நேரம் காற்றடித்து மூங்கில் லேசாக ஆடியது. குனிந்து பார்த்துவிட்டார்.

அவ்வளவுதான். குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கையால் மூங்கிலைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "தாயே, தாயே." மேளம் நின்றுபோனது. இரண்டு கொத்தனார்கள் ஏறிப் போய்த் தொட்டார்கள், போட்ட அலறலில் அவர்களே இறங்கிவிட்டார்கள். நேரம் தாண்டுகிறது என்று உச்சியிலிருந்து குருக்கள் கத்துகிறார். அம்மா கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துக் கையைப் பற்றினார்.

"போடி. நீ போனாத்தான் வருவாரு."

"போறேம்மா." சாரத்தடியில் போய் நின்றேன். ஏணியில் கை வைத்தேன், கால் வைக்கவில்லை. அண்ணாந்து சத்தமாகக் கேட்டேன். "ஐயா, நான்தான். சால்வை கொண்டு வந்திருக்கேன். ஏறி வரட்டுமா?"

"வா, வா, சீக்கிரம் வா!"

"வரேன். அந்தப் பாலத்துல உக்காந்தது யாருன்னு சொல்லுங்க, வரேன்."

தலைவர் என்னை அதட்ட வாயெடுத்தார். அதற்குள் அம்மா, ஒரு நாளும் குரல் உயர்த்தாத அந்த அம்மா, "சொல்லித் தொலைங்க!" என்றார்.

"நான்தான்," என்றார் முதலாளி.

"பின்னாடி ஆத்தங்கரைக்காரங்க நிக்கறாங்க. அவங்களுக்குக் கேக்கல."

"நான்தான்! உக்காந்தது நான்! மலை ஏறினது, காட்டுக்குப் போனது எல்லாம் இவ! நான் ரூமை விட்டே வரல! போதுமாடீ?"

போதவில்லை. ஆனாலும் ஏறினேன். குடத்தை மேலே எட்டிக் கொடுத்தேன், குருக்கள் குனிந்து வாங்கிக்கொண்டார். சால்வையால் கண்ணைக் கட்டி, ஒரு காலை எடுத்து ஏணிப் படியில் வைத்தேன். இந்தத் தடவை கோயிலும் சொல்லவில்லை, காப்பிக்கடையும் சொல்லவில்லை. "இது சாரம் ஐயா. கீழ ஊரே நிக்குது, உங்களைத்தான் பார்க்குது. அடுத்த காலை வைங்க" என்றேன். காலால் தடவித் தடவி இறங்கினார். ஊர் சிரித்தது. தொங்கான்காரன் ஒருத்தன் "நாய் படுத்திருக்கு!" என்று கத்தினான், இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது.

அன்றோடு அந்த வீட்டு அடுப்பை விட்டேன். ஆறு மாசம் கழித்து அம்மா ஆள் அனுப்பினார். முதலாளி வெளியே தலை காட்டுவதில்லையாம், சோறு இறங்கவில்லையாம், அந்தக் காட்டைப் பற்றி, பாறையைப் பற்றி நான் வந்து மறுபடி சொன்னால் கேட்பாராம். போகவில்லை. அடுத்த வருஷமும் கேட்டார், போகவில்லை. படுக்கையில் விழுந்து கேட்டார் என்றார்கள். அப்போதும் போகவில்லை.

பாவம் அந்த மனுஷர், ஒரு சிரிப்புக்கு இவ்வளவு தண்டனையா என்று இன்றைக்கும் ஊரில் கேட்கிறார்கள். அந்தத் துரைசாணி திரும்பி வரவே இல்லை. சண்டை வந்தது, ஜப்பான்காரன் வந்தான், என் முழங்காலும் போய்விட்டது. இனி நான் அந்த மலையைப் பார்க்கப் போவதில்லை. என் ஆயுசில் எனக்கென்று கிடைத்தது எட்டே நாள். அதையும் அவர் எடுத்துக்கொள்ளப் பார்த்தார்.